முகூர்த்தத்துக்கு முன்னாடி ஃப்ளாஷ் ட்ரிகர் சேனலைப் பேசி வச்சுக்கணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதத்துல ஒரு அம்மா எழுதியிருந்ததைப் படிச்சேன். பொண்ணு கல்யாண ஆல்பத்துல தாலி கட்டுற நேரத்து போட்டோ சிலது இருட்டா வந்திருக்கு, சிலதுல படத்தோட கீழ்ப்பக்கம் பூரா கருப்புப் பட்டை, கேட்டா "பக்கத்து ஹால்காரன் ஃப்ளாஷ் குறுக்க வந்துடுச்சும்மா, நாங்க என்ன பண்ண முடியும்"னு போட்டோகிராபர் சொல்லிட்டாராம், இது நிஜமாவே நடக்குமா இல்ல சமாளிக்கிறாங்களான்னு கேட்டிருந்தாங்க. கும்பகோணம் பக்கம் கல்யாண போட்டோ எடுக்குறதுதான் என் தொழில், ஸ்டுடியோவுல ஃப்ளாஷுக்கும் கேமராவுக்கும் நடுவுல சிங்க் கார்டுங்கிற ஒயர் மாட்டி எடுத்த காலத்துல இருந்து இதுலயே இருக்கேன், அதனால அந்த அம்மாவுக்கும் அதே சந்தேகம் இருக்குற மத்தவங்களுக்கும் பதில் சொல்லணும்னு தோணுச்சு. கொஞ்சம் நீளமாத்தான் போகும், இடம் இல்லன்னா சுருக்கிப் போடுங்க, ஆனா தள்ளி வச்ச ஃப்ளாஷை ரேடியோ அலையில வெடிக்க வைக்கிற ட்ரிகரோட சேனல் பத்தி சொல்ற பகுதியை மட்டும் தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க.

இருட்டா வந்த படத்துக்கு அவர் சொன்ன காரணம் உண்மையாவே இருக்கலாம். கருப்புப் பட்டைக்கு அது செல்லாது, அது அவர் கேமராவுல வச்ச ஷட்டர் ஸ்பீடால வர்றது, பக்கத்து ஹால்ல யார் என்ன பண்ணாலும் அப்படி வராது. ஆனா ரெண்டையுமே முகூர்த்தத்துக்கு முன்னாடி பத்து நிமிஷம் உக்காந்து பார்த்தா தடுத்துடலாம், இன்னைக்கு எங்க தொழில்ல நிறைய பேர் அந்தப் பத்து நிமிஷத்தை ஒதுக்குறதில்லங்கிறதுதான் என் ஆதங்கம்.

முதல்ல விஷயம் என்னன்னு தெரியாதவங்களுக்கு. கேமரா தலை மேலயே ஃப்ளாஷை வச்சு அடிச்சா முகம் தட்டையா, நெத்தி வேர்வை பளபளன்னு, பின்னாடி சுவத்துல நிழலோட வரும். முன்னாடி ஹோமப் புகை இருந்தா அந்தப் புகைதான் முதல்ல வெளிச்சத்தை வாங்கும், பொண்ணு மாப்பிள்ளை அதுக்குப் பின்னாடி மங்கலாத் தெரிவாங்க. அதனால ஃப்ளாஷைத் தனியா ஒரு ஸ்டாண்டுல மேடைக்குப் பக்கவாட்டுல உசரமா வச்சு வெளிச்சத்தைப் பரப்புற குடை போட்டு அடிக்கிறோம். சின்ன ரூம்ல சீலிங்ல பட்டுத் தெறிக்க விட்டே வேலையை முடிச்சிடலாம், ஆனா மண்டபத்து சீலிங் எட்டாத உசரம், பல இடத்துல கலர் பெயிண்ட் வேற, பட்டுத் திரும்புற வெளிச்சம் அந்தக் கலரை முகத்துல பூசிடும். பக்கவாட்டு ஃப்ளாஷ்ல தாலி முடிச்சு, மாப்பிள்ளை விரல், மேல விழுற அட்சதை அரிசி ஒவ்வொண்ணும் அந்தரத்துல நின்ன மாதிரி தெளிவா வரும், இதை ஒரு தடவை பார்த்தவங்க பழைய முறைக்குத் திரும்ப மாட்டாங்க.

ஆனா ஃப்ளாஷ் அங்க இருக்கு, கேமரா இங்க இருக்கு, கிளிக் பண்ற அந்த நொடியிலயே அங்க வெடிக்கணுமே. அந்தக் காலத்துல ஒயர்தான், மேடையில ஒயர் போட்டா பந்திக்கு ஓடுற பசங்க கால்ல மாட்டி ஸ்டாண்டோட சாஞ்சுடும். அப்புறம் ஒளியைப் பார்த்து வெடிக்கிற முறை வந்தது, நிக்கான் 2003-லயே அதைத் தங்களோட ஃப்ளாஷ் முறையில கொண்டு வந்தாங்க, நல்ல முறைதான், ஆனா ஒரு ஃப்ளாஷ் இன்னொரு ஃப்ளாஷை நேராப் பார்க்கணும், நடுவுல நாலு மாமா நின்னுட்டா முடிஞ்சது, வெயில்லயும் சரியா வராது. கேனான் 2012-ல 600இஎக்ஸ்-ஆர்டி, நிக்கான் 2016-ல எஸ்பி-5000 கொண்டு வந்த பிறகு பெரிய கம்பெனி ஃப்ளாஷுக்குள்ளயே ரேடியோ வந்துடுச்சு. ஆனா நம்ம ஊர்ல அதை மூலை முடுக்கெல்லாம் கொண்டு போனது யாங்நுவோ, கோடாக்ஸ் மாதிரி சீனா கம்பெனிங்கதான், ஏன்னா விலை எங்க கைக்கு எட்டுற மாதிரி இருந்தது. கேமரா தலை மேல ஃப்ளாஷ் மாட்டுற இடமான ஹாட் ஷூல ஒரு ட்ரிகர், அது ரேடியோ அலை அனுப்பும், ஃப்ளாஷுக்குள்ளயோ அடியிலயோ இருக்குற ரிசீவர் அதை வாங்கி வெடிக்க வைக்கும். சுவர், தூண், ஆள் எது குறுக்க இருந்தாலும் நேர்ப்பார்வை தேவையில்ல. சிக்கலும் அங்கதான் ஆரம்பிக்குது, சுவரைத் தாண்டிப் போற அலை பக்கத்து ஹாலுக்கும் போகும் இல்லயா.

இப்ப நாங்க பயன்படுத்துற ட்ரிகர் கிட்டத்தட்ட எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான். இந்தியாவுல 2400-ல இருந்து 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம குறைஞ்ச சக்தியில யார் வேணும்னாலும் பயன்படுத்தலாம், அதனாலதான் வைஃபை, ப்ளூடூத், ட்ரோன் ரிமோட், சட்டையில குத்துற சின்ன வயர்லெஸ் மைக்குன்னு எல்லாமே இங்க வந்து கூடுது. லைசென்ஸ் இல்லாத இடம்னா என்ன அர்த்தம், "இது என் சேனல், நீ போ"ன்னு சொல்ற உரிமை யாருக்கும் கிடையாது. போலீஸும் வர மாட்டாங்க, மண்டப மேனேஜரும் கேக்க மாட்டார். நாமளே பேசி வச்சுக்கிட்டாத்தான் உண்டு.

பெட்டியைப் பிரிச்சு வெளிய எடுக்கும்போது ட்ரிகர் பெரும்பாலும் சேனல் 1, குரூப் ஏ-லதான் இருக்கும் (குரூப்னா ஒரே சேனலுக்குள்ள ஃப்ளாஷுங்களைத் தனித்தனியா மாத்தப் பிரிச்சு வைக்கிறது). பேட்டரி போட்டு டெஸ்ட் பட்டனை அமுக்கினா ஃப்ளாஷ் வெடிக்குது, சரி வேலை செய்யுதுன்னு அப்படியே பையில போட்டுட்டு கிளம்பிடுறாங்க. முகூர்த்த நாள்ல ஒரே மண்டபத்துல கீழ ஒரு கல்யாணம், மாடியில ஒரு நிச்சயதார்த்தம். அது இல்லன்னாலும் ஒரே மேடையிலயே பொண்ணு வீட்டுக்கு ஒரு டீம், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு டீம், இப்ப இது சாதாரணம். எல்லார்கிட்டயும் ஒரே கம்பெனி ட்ரிகர், எல்லாம் சேனல் 1. ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே காலிங் பெல் வச்ச மாதிரி ஆயிடுது. அவர் கிளிக் பண்ணா என் ஃப்ளாஷ் வெடிக்கும், நான் கிளிக் பண்ணா அவரோடது வெடிக்கும்.

வெடிச்சா வெடிச்சுட்டுப் போகுதுன்னு விட முடியாது. ஃப்ளாஷ் ஒரு தடவை வெடிச்சதும் உள்ள கரண்டைச் சேர்த்து வைக்கிற கெப்பாசிட்டர் திரும்ப சார்ஜ் ஏறணும். கோடாக்ஸ் டிடி600 மாதிரி டபுள் ஏ பேட்டரி போடுற ஃப்ளாஷ் ஃபுல் பவர்ல வெடிச்சா திரும்பத் தயாராக ரெண்டரை செகண்ட் பக்கம் ஆகும், பேட்டரி தளர்ந்திருந்தா இன்னும் கூட. கெட்டிமேளம் கொட்டி மூணு முடிச்சு விழுற நேரமே ரொம்பக் கம்மி, அந்த நேரம் பார்த்து பக்கத்து டீம் ஆள் நாலு கிளிக் தட்டினா என் ஃப்ளாஷ் அவருக்காக வெடிச்சு ஓய்ஞ்சிருக்கும், நான் கிளிக் பண்ணும்போது அதுக்குள்ள சார்ஜ் இருக்காது. படம் இருட்டு. அந்த அம்மா ஆல்பத்துல நடந்தது இதுவாத்தான் இருக்கணும்னு நினைக்கிறேன். பேட்டரியும் சீக்கிரம் காலி, ஃப்ளாஷ் தலையும் சூடேறி தானா நின்னுடும், நம்ம வேலைக்கு ஒரு தடவை கூட பயன்படாம.

இதுக்கு வழி ரொம்ப சுலபம், ட்ரிகர்ல சேனலை மாத்தணும், ஃப்ளாஷ்லயும் அதே சேனலை வைக்கணும். கோடாக்ஸ்ல 32 சேனல் இருக்கு. கேனான் ஆர்டி முறையில 15 சேனல், அதுக்கு மேல 0000-ல இருந்து 9999 வரை ஐடி நம்பர். யாங்நுவோ 622-ல 7 சேனல். கோடாக்ஸ் எக்ஸ்ப்ரோ, எக்ஸ்2டி மாதிரி ட்ரிகர்ல சேனலோட 1-ல இருந்து 99 வரைக்கும் ஐடிங்கிற அடையாள நம்பரும் வைக்கலாம், சேனலும் ஐடியும் ரெண்டும் பொருந்தினாத்தான் ஃப்ளாஷ் வெடிக்கும், ஒருத்தர் தற்செயலா நம்ம சேனல்ல வந்தாலும் ஐடி வேறன்னா நம்ம ஃப்ளாஷ் கண்டுக்காது. பழைய மாடல்ல ஐடி இருக்காது, அங்க சேனல் மட்டும்தான். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும், ட்ரிகர்ல ஐடி வச்சுட்டு ஃப்ளாஷ்ல வைக்க மறந்தா எதுவுமே வெடிக்காது, மேடையில நின்னுக்கிட்டு ட்ரிகர் போயிடுச்சுன்னு பதறுறவங்களை நிறைய பார்த்திருக்கேன், ட்ரிகர் நல்லாத்தான் இருக்கும். ஒவ்வொரு ஃப்ளாஷா எடுத்து மெனுவுக்குள்ள போய் அதே நம்பரைப் போடணும், மூணு ஃப்ளாஷ் இருந்தா மூணுலயும்.

ஃப்ளாஷை ரேடியோ ஸ்லேவ்ல, அதாவது ட்ரிகர் சொல்றதைக் கேட்டு வெடிக்கிற நிலையில, போடுறதுலயும் ஒரு குழப்பம் வருது. வயர்லெஸ் பட்டனை அமுக்க அமுக்க ஒண்ணொண்ணா மாறும், ஒண்ணு ரேடியோ, இன்னொண்ணு ஒளியைப் பார்த்து வெடிக்கிறது. கோடாக்ஸ் டிடி685, வி860 மார்க் 2 மாடல்ல எல்லாம் ஸ்லேவ் ஆனதும் பின்னாடி ஸ்க்ரீன் ஆரஞ்சு கலருக்கு மாறும், முன்னாடி சிவப்பு விளக்கு மினுக்கும், மத்த ஃப்ளாஷுக்குக் கட்டளை அனுப்புற மாஸ்டர்ல இருந்தா ஸ்க்ரீன் பச்சை. கலரைப் பார்த்தா மட்டும் போதாது, மூலையில இருக்குற படம் ரேடியோ அலை மாதிரி இருக்கான்னும் பாருங்க. எஸ்1, எஸ்2-ன்னு இருந்தா அது ஒளி ஸ்லேவ், மண்டபத்துல யார் ஃப்ளாஷ் அடிச்சாலும் அதுக்கு இது வெடிக்கும், சொந்தக்காரர் ஒருத்தர் சின்ன கேமராவுல ஃப்ளாஷ் போட்டு எடுத்தாலும் வெடிக்கும். சேனல் மாத்தியும் அடுத்தவங்க கிளிக்குக்கு வெடிக்குதேன்னு யாராவது சொன்னா பாதி நேரம் இதுதான் காரணம்.

இப்ப நான் கேக்க வந்ததை சொல்லிடுறேன். மண்டபத்து ஆபீஸ்ல ஒரு நோட்டு, இல்ல மேடைக்குப் பின்னாடி ஒரு சின்ன போர்டு வைக்கலாம், அன்னைக்கு எந்த ஹால், எந்த டீம், எந்த கம்பெனி ட்ரிகர், எந்த சேனல்னு எழுதி வைக்க. செலவே கிடையாது. சேனல் 1-ஐ யாரும் எடுக்கக் கூடாது, ஏன்னா ஒண்ணுமே மாத்தாம வர்றவர் எப்படியும் அங்கதான் இருப்பார். பொண்ணு வீட்டு டீம் ஒரு 5, மாப்பிள்ளை வீட்டு டீம் ஒரு 20, மாடி ஹால் ஒரு 28-ன்னு நல்லா இடைவெளி விட்டு எடுத்துக்கலாம், பக்கத்துப் பக்கத்து சேனலை எடுத்தா அலை கொஞ்சம் உரசிக்க வாய்ப்பு இருக்கு. வேற வேற கம்பெனி ட்ரிகர் பெரும்பாலும் ஒண்ணோட ஒண்ணு பேசாது, அதனால அடுத்தவர் ஃப்ளாஷ் வெடிக்காது, ஆனா எல்லாம் அதே 2.4-லதான் கத்திக்கிட்டு இருக்கு, அதனால அவங்களையும் நோட்டுல எழுதுறது நல்லது. எங்க ஊர்ல நாங்க சில பேர் மேடை ஏறுனதும் முதல் வேலையா "அண்ணே உங்க சேனல் என்ன"ன்னு கேட்டுக்குறோம், வயசுல சின்னவரா இருந்தாலும் போட்டிக் கடைக்காரரா இருந்தாலும் கேட்டுடுறோம், இதுல கௌரவம் பார்க்க ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு ஊர்லயும் போட்டோ வீடியோ சங்கம் இருக்கு, அடையாள அட்டை குடுக்கிறோம், டூர் போறோம், அதோட இந்த ஒரு பழக்கத்தையும் சங்கத்துல பேசிக் கொண்டு வரணும். மண்டப உரிமையாளர்களும் இதை எங்க தலைவலின்னு ஒதுக்காம அந்த நோட்டை வைக்கணும், கடைசியில கஷ்டப்படுறது அவங்களுக்கு வாடகை குடுத்த குடும்பம்தான்.

சேனல் எது காலியா இருக்குன்னு ட்ரிகரே பார்த்துச் சொல்ற வசதியும் இப்ப வருது, எக்ஸ்ப்ரோ, எக்ஸ்2டி-ல ஸ்கேன்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா சுத்தி இருக்குற இரைச்சல் கம்மியான சேனலைக் காட்டும். காலையில காலி மண்டபத்துல ஸ்கேன் பண்ணா பிரயோஜனம் இல்ல, கூட்டம் சேர்ந்து எல்லார் போன்லயும் ஹாட்ஸ்பாட் ஆன் ஆகி லைவ் போடுறவங்க ரூட்டரை மாட்டுன பிறகு ஒரு தடவை பண்ணணும்.

கூட்டம்னு சொல்லும்போது இதையும் சொல்லணும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணி நல்லா உறிஞ்சும், மனுஷ உடம்புல பெரும்பகுதி தண்ணிதான். பெட்டியில 100 மீட்டர் தூரம்னு போட்டிருப்பாங்க, அது வெட்டவெளிக் கணக்கு, முகூர்த்த நேரத்துல மேடையைச் சுத்தி அம்பது பேர் நெருக்கி நின்னா அந்தக் கணக்கு நிக்காது. அதனால ஃப்ளாஷ் ஆள் தலைக்கு மேல இருக்கணும், இரும்புத் தூணுக்கோ எல்இடி ஸ்க்ரீனோட தகரச் சட்டத்துக்கோ பின்னாடி ஒளிஞ்சு இருக்கக் கூடாது. இதுக்கு நேரெதிரா ரொம்பக் கிட்ட வச்சாலும் சில நேரம் வெடிக்காம போகும், அதுக்காகவே கோடாக்ஸ் ட்ரிகர்ல 0-30 மீட்டர், 1-100 மீட்டர்னு தூரத்தை மாத்துற செட்டிங் வச்சிருக்காங்க, மணமக்களை ரூம்ல வச்சு குளோசப் எடுக்கும்போது 0-30-க்கு மாத்திக்கணும்.

இப்ப அந்தக் கருப்புப் பட்டைக்கு வர்றேன். நம்ம கேமராவுல சென்சாருக்கு முன்னாடி ரெண்டு திரை இருக்கு, முதல் திரை திறக்கும், ரெண்டாவது திரை மூடும். ஷட்டர் ஸ்பீடு கம்மியா இருந்தா முதல் திரை முழுசாத் திறந்து சென்சார் மொத்தமும் தெரியுற ஒரு கணம் கிடைக்கும், அப்ப ஃப்ளாஷ் வெடிச்சா படம் முழுக்க வெளிச்சம். ஸ்பீடு கூடக் கூட முதல் திரை முழுசாத் திறக்குறதுக்குள்ள ரெண்டாவது மூட ஆரம்பிச்சுடும், ஒரு கீத்து மாதிரி இடைவெளிதான் நகர்ந்து போகும், அந்த நேரத்துல ஃப்ளாஷ் வெடிச்சா திரை மூடியிருக்குற பக்கம் இருட்டு, அதுதான் அந்தப் பட்டை. இதுக்கு உச்ச வரம்பு கேமராவுக்குக் கேமரா மாறும், கேனான் 5டி மார்க் 3-ல 1/200 செகண்ட், 6டி-ல 1/180, நிக்கான் டி850-ல 1/250. ரேடியோ ட்ரிகர் போட்டா சிக்னல் போய்ச் சேர துளி நேரம் கூட ஆகும், சில விலை கம்மியான ட்ரிகர்ல அது போதும் 1/200-லயே மெல்லிசா ஒரு கருப்பு விளிம்பு வர. நான் யாருக்கும் சொல்றது 1/160-ல வச்சுட்டு நிம்மதியா இருங்கன்னுதான், மண்டபத்துக்குள்ள அதுக்கு மேல தேவையே படாது, அசைவை நிறுத்துறது ஃப்ளாஷோட வேலை, ஷட்டரோடது இல்ல. வெளிய வெயில்ல எடுக்கும்போது ஹெச்எஸ்எஸ்ங்கிற ஹை ஸ்பீடு சிங்க் போட்டா 1/1000-லயும் பட்டை வராது, ஃப்ளாஷ் ஒரே வெடிப்பா இல்லாம துடிச்சுத் துடிச்சு கீத்து நகர்ற நேரம் பூரா எரியும், ஆனா வெளிச்சம் கால்வாசிக்கும் கீழ போயிடும், ஃப்ளாஷும் சீக்கிரம் சூடாகும். சோனி 2023 கடைசியில அறிவிச்ச ஏ9 மார்க் 3-ல திரையே இல்லாம சென்சார் மொத்தமும் ஒரே நேரத்துல படம் பிடிக்குது, 1/80000 வரைக்கும் ஃப்ளாஷ் ஒத்துப் போகும்னு சொல்றாங்க. அந்த விலைக்கு எங்க ஊர்ல ரெண்டு மூணு செட் முழு சாமானே வாங்கிடலாம், அதனால 1/160-தான் நமக்கு.

இன்னொரு இடம் மிரர்லெஸ் கேமரா வாங்கினவங்க மாட்டுறது. சைலன்ட் ஷட்டர் போட்டிருந்தா பெரும்பாலான கேமராவுல ஃப்ளாஷ் வெடிக்கவே வெடிக்காது. மந்திரம் சொல்லும்போது சத்தம் வரக் கூடாதுன்னு நல்ல எண்ணத்துல சைலன்ட்ல போடுவாங்க, தாலி கட்டும்போது மாத்த மறந்துடுவாங்க. அப்புறம் மேனுவல்ல ஃப்ளாஷுக்கு ஏத்த மாதிரி செட் பண்ணதும் வியூஃபைண்டர் இருட்டாத் தெரியும், உள்ள ஒண்ணும் தெரியலயேன்னு வெளிச்சத்துக்கான கேமராவோட உணர்திறனான ஐஎஸ்ஓ-வை ஏத்திடுவாங்க, ஃப்ளாஷ் வெடிச்சதும் பொண்ணு முகம் வெள்ளையா வெந்து போகும். மெனுவுல செட்டிங் எஃபெக்ட், இல்ல எக்ஸ்போஷர் சிமுலேஷன்னு இருக்கும், அதை ஆஃப் பண்ணா ஃபைண்டர் சாதாரணமா வெளிச்சமாத் தெரியும்.

ஃப்ளாஷ் வெடிக்கலன்னா எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்க நான் என்கிட்ட வர்ற பசங்களுக்கு ஒண்ணுதான் சொல்லிக் குடுப்பேன். ட்ரிகர்ல இருக்குற டெஸ்ட் பட்டனை அமுக்கு. அதுக்கு ஃப்ளாஷ் வெடிச்சா ரேடியோ நல்லா இருக்கு, கோளாறு கேமராவுக்கும் ட்ரிகருக்கும் நடுவுல, ஹாட் ஷூல அழுக்கு, ட்ரிகர் முழுசா உள்ள தள்ளப்படல, சைலன்ட் ஷட்டர், இந்த மூணுல ஒண்ணு. டெஸ்ட் பட்டனுக்கும் வெடிக்கலன்னா கேமராவை விட்டுடு, சேனல், ஐடி, குரூப், பேட்டரி, ஃப்ளாஷ் தூங்கிடுச்சான்னு அந்தப் பக்கம் பாரு. இது தெரியாம மேடையில நின்னு கேமரா மெனுவை நோண்டி நோண்டியே முகூர்த்தத்தை விட்டவங்க உண்டு.

ஹாட் ஷூன்னதும் வாங்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. புதுசா தொழிலுக்கு வர்ற பசங்க நிறைய பேர் வாங்குற கேனான் 200டி மார்க் 2, 3000டி ரெண்டுலயும் ஹாட் ஷூ நடுவுல இருக்கணுமே அந்தப் பெரிய புள்ளி, அது கிடையாது. எல்லா ஃப்ளாஷும் ட்ரிகரும் அந்த நடுப்புள்ளி வழியாத்தான் காலங்காலமா சிக்னல் வாங்குது, அது இல்லாததால சாதாரண ட்ரிகர் இந்தக் கேமராவுல மாட்டினா சும்மா உக்காந்திருக்கும். சில ட்ரிகர்ல ஃபர்ம்வேர்ங்கிற உள்ள இருக்குற மென்பொருளை அப்டேட் பண்ணி இதுக்கு வழி பண்ணியிருக்காங்க, ஆனா எல்லாத்துலயும் இல்ல. கடைக்கு கேமராவையே எடுத்துட்டுப் போய் மாட்டி ஷட்டரை அமுக்கிப் பார்த்து, வெடிச்சா மட்டும் காசு குடுங்க. எங்க பக்கத்துல ஒரு பையன் ஒரு கடையில இதைக் கேக்காம வாங்கிட்டான், திருப்பிக் குடுக்கப் போனா "பெட்டியைப் பிரிச்சுட்டீங்க"ன்னு சொல்லிட்டாங்களாம், அவன் கடன் வாங்கி வாங்கினது. விக்கிறவங்க இந்த ஒரு வார்த்தையை முதல்லயே சொல்லணும், சொல்லாம விக்கிறது எனக்கு நியாயமாப் படல.

அதே மாதிரி பழைய ஃப்ளாஷ். அப்பா காலத்து ஃப்ளாஷ் வீட்டுல கிடக்குது, அதையும் ஒரு ரிசீவர்ல மாட்டி ரெண்டாவது லைட்டா வச்சுக்கலாம்னு தோணும், தோணுறதுல தப்பில்ல. ஆனா பழைய ஃப்ளாஷ் சிலதுல அந்த நடுப்புள்ளியில வர்ற வோல்டேஜ் பயங்கரம், விவிட்டார் 283-ல ஆரம்ப கால பீஸ்ல 200 வோல்ட்டுக்கு மேலயே இருந்திருக்கு, அதுல பின்னாடி வந்த பீஸ்ல 10-க்கும் கீழ. வெளிய பார்த்து எது எதுன்னு சொல்ல முடியாது. இப்ப வர்ற கேமராவுலயும் ட்ரிகர்லயும் பலது அவ்வளவு தாங்காது, ஒரே கிளிக்ல உள்ள இருக்குற சர்க்யூட் போயிடலாம். எலக்ட்ரீஷியன் வச்சிருக்குற மல்டிமீட்டர் போதும், ஃப்ளாஷை ஆன் பண்ணி முழுசா சார்ஜ் ஏறினதும் ஒரு முனையை நடுப்புள்ளியிலயும் இன்னொண்ணை பக்கவாட்டு உலோகத்துலயும் வச்சா டிசி வோல்ட் காட்டும். ஒற்றை இலக்கத்துல இருந்தா மாட்டலாம், அதுக்கு மேலன்னா ட்ரிகரோட புத்தகத்துல எவ்வளவு தாங்கும்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஃப்ளாஷைக் கழட்டி உள்ள மட்டும் கை வைக்காதீங்க, ஆஃப் பண்ண பிறகும் கெப்பாசிட்டர்ல 300 வோல்ட் பக்கம் நிக்கும், உசுருக்கு ஆபத்து.

பேட்டரி பத்தி ஒரு வரி, கடையில கிடைக்கிற சாதாரண பேட்டரி போடாதீங்க, ரீசார்ஜ் பண்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி போடுங்க, அது 1.2 வோல்ட்தான் இருக்கும், ஆனா ஃப்ளாஷ் கேக்குற வேகத்துக்குக் கரண்டை அதுதான் குடுக்கும்.

பவர் எவ்வளவு வைக்கிறதுன்னு கேக்குறாங்க. கல்யாணத்துல நான் கேமராவே ஃப்ளாஷ் பவரை முடிவு பண்ற டிடிஎல் போடுறதில்ல, பொண்ணு பட்டுல ஜரிகை பளிச்சுன்னா படம் இருட்டாகும், மாப்பிள்ளை கோட்டு கருப்புன்னா வெளுத்துப் போகும், ஒரே மேடையில ஒவ்வொரு படமும் ஒவ்வொரு மாதிரி வரும். மேனுவல்ல வச்சா அப்படியே நிக்கும். முதல்ல ட்ரிகரை ஆஃப் பண்ணிட்டு மண்டபத்து வெளிச்சத்துக்கு மட்டும் ஒரு படம் எடுங்க, ஐஎஸ்ஓ 800, லென்ஸ் துவாரம் எஃப் 4, ஷட்டர் 1/160, பின்னணி கொஞ்சம் மங்கலாத் தெரிஞ்சா சரி. அப்புறம் ட்ரிகரை ஆன் பண்ணி குரூப் ஏ-வை ஃபுல் பவர்ல 1/16 பங்குல வச்சு முகத்தைப் பார்த்துக் கூட்டுங்க குறைங்க. பின்னாடி மாலை அலங்காரத்துக்கு இன்னொரு ஃப்ளாஷ் இருந்தா அதைக் குரூப் பி-ல போட்டா கேமராவுல இருந்தே தனியா மாத்திக்கலாம், ஸ்டாண்டுகிட்ட ஓட வேண்டாம். ஸ்டாண்டை 2 மீட்டர்ல இருந்து 4 மீட்டருக்குத் தள்ளி வச்சா வெளிச்சம் பாதியாகாது, நாலுல ஒண்ணாகும், அப்ப 1/16-ல இருந்ததை 1/4-க்கு ஏத்தணும். 1/16-ல இருக்குற வரைக்கும் ஃப்ளாஷ் உடனே உடனே தயாராகும், தாலி நேரத்துல தொடர்ந்து அடிக்கலாம். ஃபுல் பவர்ல வைக்கிறவங்கதான் ரெண்டாவது முடிச்சுல இருட்டுப் படம் எடுக்குறாங்க.

ஸ்டாண்டு காலுல மணல் பை கட்டாம மேடையில குடை விரிக்கிறது ரொம்பத் தப்பு, மண்டபத்துப் பெரிய பெடஸ்டல் ஃபேன் காத்துக்கு குடை அப்படியே சாயும், கீழ குழந்தைங்க உக்காந்திருப்பாங்க. மணல் பை இல்லன்னா தண்ணி கேனைக் கட்டுங்க.

கடிதம் எழுதின அம்மாவுக்குக் கடைசியா. இருட்டா வந்த படத்தோட ரா ஃபைல், அதாவது கேமரா சுருக்காம பதிஞ்ச மூல ஃபைல், அந்த போட்டோகிராபர்கிட்ட இருக்கான்னு கேளுங்க, ஜேபெக் மட்டும் இருந்தா கஷ்டம், ரா இருந்தா ரெண்டு மூணு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) வரைக்கும் வெளிச்சத்தை ஏத்திப் பார்க்கலாம், கொஞ்சம் புள்ளி புள்ளியா வந்தாலும் முகம் தெரியும். கருப்புப் பட்டை வந்ததுலயும் அந்த இடத்துல மண்டபத்து வெளிச்சம் லேசாப் பதிஞ்சிருந்தா ராவுல கொஞ்சம் மீட்கலாம், இல்லன்னா பட்டையை வெட்டிட்டு மேல்பாதியை மட்டும் குளோசப்பா ஆல்பத்துல வைக்கச் சொல்லுங்க, தாலியும் முகமும் மேல்பாதியில இருந்தா நல்லாவே வரும். அதோட எதிர் டீம் எடுத்திருப்பாங்க இல்லயா, மாப்பிள்ளை வீட்டுல கேட்டு அவங்க போட்டோகிராபரோட காப்பியையும் வாங்கிப் பாருங்க, உங்க ஆள் ஃப்ளாஷ் அவங்க கிளிக்குக்கு வெடிச்சிருந்தா அவங்க படத்துல வெளிச்சம் தூக்கலா, ஆனா தெளிவா இருக்கும்.

இப்படிக்கு,
கல்யாண போட்டோகிராபர் ஒருவர்,
கும்பகோணம்.